கடினப்பந்துக் காப்புகள் உடலோடு பொருந்தாதபோது: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

ஒழுங்கையிலும் கடற்கரையிலும் மென்பந்தில் அஞ்சாமல் கிரிக்கெட் ஆடிய பிள்ளை, பாடசாலை அணியில் சேர்ந்து கடினப்பந்தை எதிர்கொள்ளத் தொடங்கியதும் முன்காலை நீட்டி ஆடத் தயங்குகிறான், குனிந்து நிற்க மறுக்கிறான், இரண்டாவது ஓட்டத்துக்குத் திரும்பும்போது தடுமாறுகிறான். வெளியே நின்று பார்ப்பவர்கள் பந்துக்குப் பயந்துவிட்டான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மட்டக்களப்பில் ஒரு பாடசாலை அணியின் விளையாட்டுப் பொருட்களைப் பல பருவங்களாகப் பொறுப்பில் வைத்திருந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அப்படிப் பெயர் வாங்கிய பிள்ளைகள் பலரிடம் பயத்தைத் தேடுவதற்கு முன்னர் அவர்கள் கட்டியிருந்த காப்புகளைப் பார்த்திருக்க வேண்டும்.

இதற்குக் காரணம் இரண்டு. பன்னிரண்டு வயதுச் சிறுவனும் பத்தொன்பது வயது இளைஞனும் ஒரே பையிலிருந்து எடுத்துக் கட்டுவது ஒன்று. சொந்தமாக வாங்கும்போது, “வளர்ற புள்ளதானே, கொஞ்சம் பெருசா எடுப்பம்” என்று பெற்றோர் எடுக்கும் முடிவு மற்றையது. பாடசாலைச் சீருடையின் கால் விளிம்பை மடித்துத் தைத்து, பிள்ளை வளர வளரப் பிரித்துவிடலாம். கால்காப்பையும் தலைக்கவசத்தையும் அப்படி மடிக்க முடியாது. அவை இன்றைய உடலுக்கு இன்றைக்கே பொருந்தினால்தான் காப்பு. பொருந்தாவிட்டால் வெறும் சுமை.

எந்த அறிகுறியை ஆராய்வதாக இருந்தாலும், முதலில் பிள்ளையை முழுமையாக அணியச் செய்யுங்கள். அடிவயிற்றுக் காப்பு, தொடைக்காப்பு, நீளக்காற்சட்டை, காலுறை, விளையாட்டுச் சப்பாத்து, கால்காப்பு, தலைக்கவசம், கையுறை எல்லாவற்றையும் இதே வரிசையில் அணிந்துகொண்டு, துடுப்பைப் பிடித்து நிலையெடுத்து நிற்க வேண்டும். பின்னர் ஆடுகளத்தின் நீளமான 22 யார் தூரத்தை, அதாவது ஏறத்தாழ 20 மீற்றரை, ஓடித் திரும்பி ஓடிவர வேண்டும். கடையில் செருப்போடு நின்று ஒரு காலில் மட்டும் கட்டிப் பார்த்துவிட்டு “சரியாத்தான் இருக்கு” என்று சொல்வதில் பயனில்லை. காப்புகளின் குறைகளிற் பெரும்பாலானவை ஒன்றோடொன்று உரசும்போதும் உடல் அசையும்போதும்தான் வெளியே தெரியும்.

ஓடும்போது கால்காப்பு சுழன்று பக்கவாட்டில் திரும்புகிறது

மைதானத்தில் ‘பேட்’ என்றே சொல்லப்படும் கால்காப்பைப் பற்றி அதிகம் கேட்கும் முறைப்பாடு இதுதான். செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குங்கள். இடது காலுக்குரியது வலது காலில் இருக்கிறதா? பட்டிகளை ஒட்டும் இடம் காலின் வெளிப்புறத்தில் வர வேண்டும். உட்புறத்தில் வந்தால், ஓடும்போது இரண்டு கால்களின் பட்டி நுனிகளும் ஒன்றோடொன்று சிக்கும், காப்பும் இழுபட்டுத் திரும்பும். அவசரமாகக் களமிறங்கிய பதினைந்து வயதுக்குட்பட்ட பிரிவு மாணவன் ஒருவன், இப்படி மாற்றிக் கட்டிக்கொண்டு போய், இரண்டாவது ஓட்டத்தின் நடுவில் தன் பட்டியைத் தானே மிதித்து விழுந்து ஆட்டமிழந்தான். அன்றிலிருந்து காப்புகளின் உட்புறத்தில் அழியாத மையினால் ‘இ’, ‘வ’ என்று எழுதிவைக்கத் தொடங்கினேன்.

பட்டிகள் சரியான பக்கத்தில் இருந்தும் கழன்றுகொண்டே போனால், வெல்க்ரோவை விரித்துப் பாருங்கள். நமது மைதானங்களின் மணலும் காய்ந்த புல்லும் அதன் கொக்கிகளுக்குள் அடைந்து போயிருக்கும். பழைய பற்தூரிகையால் அல்லது நெருங்கிய பற்கள் கொண்ட சீப்பால் சுரண்டி எடுத்தாலே பல பட்டிகள் மறுபடியும் பிடிக்கும். தூசி நீங்கிய பின்னரும் பிடிக்கவில்லை என்றால் கொக்கிகள் தேய்ந்துவிட்டன. சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்துப் புதிய துண்டு ஒன்றைத் தைத்துக்கொள்ளலாம். முழுக் காப்பையும் மாற்ற வேண்டியதில்லை.

பட்டி நன்றாகப் பிடித்தும், அதன் கடைசி எல்லை வரை இழுத்தும் கெண்டைக்காலைச் சுற்றி இடைவெளி இருந்தால், காப்பு பெரியது. இங்கே அகலத்தையும் நீளத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அகலம் மாத்திரம் கூடியிருந்தால், உட்புறப் பக்கங்களில் மெத்தைத் துண்டு ஒன்றை ஒட்டி ஒரு பருவத்தைக் கடத்திவிடலாம். நீளம் கூடியிருந்தால் கைவைத்தியம் எதுவும் இல்லை. இறுக்கிக் கட்டுவதால் கெண்டைக்கால் விறைத்துப்போவதைத் தவிர வேறொன்றும் நடக்காது.

நீளத்தை அறிய, பிள்ளையைச் சப்பாத்தோடு கதிரையில் உட்காரவைத்து, முழங்காலைச் செங்கோணமாக மடக்கச் செய்து, பாதத்தின் மேற்புறம் கணைக்காலோடு சேரும் மடிப்பிலிருந்து முழங்கால் சில்லின் நடுப்பகுதி வரை தையற்காரரின் அளவு நாடாவால் அளந்துகொள்ளுங்கள். காப்பில், பாதத்தின்மேல் உட்காரும் கீழ்வளைவிலிருந்து முழங்காலுக்கான குறுக்கு மெத்தைகளின் நடு வரை உள்ள தூரத்தை அதனோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துவர வேண்டும். உறையில் ‘பாய்ஸ்’, ‘யூத்’, ‘மென்’ என்று அச்சிட்டிருப்பதை நம்பி வாங்க வேண்டாம், ஏனெனில் ஒரு நிறுவனத்தின் யூத் அளவும் இன்னொன்றின் யூத் அளவும் ஒன்றாக இருப்பதில்லை. வயதைச் சொல்லி வாங்குவது அதைவிடப் பிழை.

நிலையெடுத்துக் குனிந்தால் காப்பின் மேல்நுனி தொடையில் இடிக்கிறது

நேராக நிற்கச் சொல்லி, முழங்கால் சில்லு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை விரலால் தடவிப் பாருங்கள். சில்லு குறுக்கு மெத்தைகளுக்குக் கீழே இருந்தால் காப்பு நீளம் கூடியது என்று பொருள். பிள்ளை குனிய மறுப்பதற்கும், முன்காலை முழுமையாக மடக்காமல் விறைப்பாக நின்று ஆடுவதற்கும் காரணம் அதுவே. பயிற்சியாளர் எவ்வளவு கத்தினாலும் அந்தக் கால் மடங்காது, ஏனென்றால் காப்பு மடங்க வேண்டிய இடமும் கால் மடங்கும் இடமும் வேறு வேறாக இருக்கின்றன.

சில்லு சரியாக நடு மெத்தையில் உட்கார்ந்தும் இடிக்கிறது என்றால் குற்றவாளி பெரும்பாலும் தொடைக்காப்பு. அதன் கீழ்விளிம்பு கால்காப்பின் மேல்நுனியோடு மோதுகிறது. தொடைக்காப்பை இடுப்பெலும்புக்குச் சற்றுக் கீழே வரும்படி உயர்த்திக் கட்டிவிட்டு மறுபடியும் குனியச் சொல்லுங்கள். அப்போதும் மோதினால் அந்தத் தொடைக்காப்பு இந்தப் பிள்ளைக்கு நீளம்.

மாறாக, சில்லு குறுக்கு மெத்தைகளுக்கு மேலே எட்டிப் பார்த்தால் காப்பு குட்டையாகிவிட்டது. பதின்மூன்று, பதினான்கு வயதில் இது ஒரே ஆண்டுக்குள் நடக்கும். தை மாதத்தில் சரியாக இருந்த காப்பு ஆவணியில் குட்டையாகிப் போனதைக் கண்டிருக்கிறேன்.

பந்து காப்பில்தான் பட்டது, ஆனாலும் வலிக்கிறது

வலிக்கும் இடத்தைப் பிள்ளை விரலால் தொட்டுக் காட்டட்டும். முழங்காலின் பக்கவாட்டில் என்றால், முன்னே சொன்ன சுழற்சியோ நீளப் பிழையோதான் காரணம். பாதத்துக்கு மேலே, கணுக்கால் அருகில் என்றால், காப்பு மேலே ஏறிப்போய் அந்த இடம் திறந்து கிடக்கிறது. கால்விரலில் என்றால் அது காப்பின் குறையன்று. கால்காப்பு விரல்களை மறைப்பதில்லை.

கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடையில், முன்னெலும்பின்மேல் வலித்தால் அளவை விட்டுவிட்டு உள்மெத்தையைச் சந்தேகியுங்கள். கட்டைவிரலால் அழுத்திவிட்டுக் கையை எடுத்தவுடன் மெத்தை மீண்டும் எழ வேண்டும். குழி விழுந்தபடியே இருந்தால், அந்தக் காப்பு அடியைப் பரப்பிவிடும் தன்மையை இழந்துவிட்டது. வெளித்தோலை வெள்ளைப் பூச்சால் அழகாக்கி அணிப்பைக்குள் திரும்பவும் வைப்பதைப் பல இடங்களில் காணலாம். பூச்சு பார்ப்பவரின் கண்ணுக்கு மட்டுமே.

இன்னொரு தவறும் உண்டு. இலக்குக் காப்பாளரின் (விக்கெட் கீப்பரின்) கால்காப்பு இலேசாக இருப்பதால், துடுப்பாடவும் அதையே சில பிள்ளைகள் விரும்பிக் கட்டுகிறார்கள். குந்தி எழுவதற்கு வசதியாக மேற்பகுதி குறைத்துச் செய்யப்பட்ட காப்பு அது. துடுப்பாட்ட வீரனின் முழங்காலுக்கு மேற்பட்ட பகுதியை அது காக்காது.

தொடைக்காப்பு வழுக்கிக் கீழே இறங்குகிறது

இடுப்புப் பட்டியைக் காற்சட்டைக்கு வெளியே கட்டியிருந்தால் துணி வழுக்கும். உள்ளே, உள்ளாடையின்மேல் கட்ட வேண்டும். வலக்கை ஆட்டக்காரனுக்கு இது இடது தொடையின் முன்புறத்தையும் வெளிப்புறத்தையும் மூட வேண்டும், இடக்கை ஆட்டக்காரனுக்கு வலது தொடையை. வளைவு எதிர்ப்பக்கத்துக்கு வெட்டப்பட்டிருந்தால் எப்படிக் கட்டினாலும் இறங்கத்தான் செய்யும். அடிவயிற்றுக் காப்பு இடம் மாறுவதாகச் சொல்லும் பிள்ளை அதைச் சாதாரண உள்ளாடைக்குள் செருகியிருப்பான். அதற்கென்றே பை தைத்த உள்ளாடை விற்கப்படுகிறது. பொதுப் பையில் வைக்கவே கூடாத ஒரு பொருள் உண்டென்றால் அது இதுதான்.

துடுப்பு கைக்குள் சுழல்கிறது, பெருவிரலில் அடிபடுகிறது

கையுறையின் விரல் நுனிகளைக் கிள்ளிப் பாருங்கள். விரலுக்கு அப்பால் வெற்றுத்துணி மடிகிறது என்றால் கையுறை பெரியது. உள்ளங்கையில் தளர்ந்த தோல் துடுப்பின் பிடியோடு சேர்ந்து நகர்கிறது. பந்து படும் கணத்தில் துடுப்பு திரும்பிவிடுகிறது. மணிக்கட்டின் முதல் மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து, அந்த அளவைக் கொண்டு வாங்க வேண்டும். மிகச் சிறியதாக இருந்தால் விரலிடைகளில் தையல் இழுபட்டு, சில பயிற்சிகளிலேயே பிரிந்துவிடும்.

இடக்கை ஆட்டக்காரர்களை இந்த விடயத்தில் தனியாகக் கவனிக்க வேண்டும். பிடியில் கீழே இருக்கும் கையின் பெருவிரல்தான் பந்துவீச்சாளரை நோக்கித் திறந்திருக்கிறது. ஆகவே கையுறை செய்பவர்கள் அந்தக் கையின் பெருவிரலுக்கே கூடுதல் காப்பு வைக்கிறார்கள். வலக்கை ஆட்டக்காரனுக்கு அது வலது கை, இடக்கை ஆட்டக்காரனுக்கு இடது கை. அணிப்பையில் கிடப்பவை எல்லாம் வலக்கைக் கையுறைகளாக இருக்கும்போது, இடக்கைப் பிள்ளை தன் பெருவிரலை மெல்லிய மெத்தையோடு பந்தின் முன் நீட்டிக்கொண்டு நிற்கிறான். பொதுப் பணத்தில் ஒரு சோடி கையுறை வாங்க முடியுமானால், முதலில் இடக்கைச் சோடியையே வாங்குங்கள் என்பது என் பரிந்துரை.

தலைக்கவசம் கண்ணை மறைக்கிறது. பிள்ளை நாடியை உயர்த்திப் பார்க்கிறான்

மற்றக் காப்புகளில் தவறினால் வீக்கத்தோடு போகலாம். இங்கே அப்படியில்லை. 2014 நவம்பர் 25 அன்று சிட்னியில் கழுத்தில் பந்து பட்டு விழுந்த அவுஸ்திரேலியத் துடுப்பாட்ட வீரர் பிலிப் ஹியூஸ் இரண்டு நாட்களின் பின் உயிரிழந்தார். அப்போது அவர் தலைக்கவசம் அணிந்திருந்தார், பந்து பட்டது அது மறைக்காத இடத்தில். 2019 பெப்ரவரியில் கன்பராவில் நமது இலங்கை அணியின் திமுத் கருணாரத்னவும் பின்கழுத்துப் பகுதியில் அடிபட்டு, தூக்குப் படுக்கையில் கொண்டு செல்லப்பட்டார். நல்ல காலமாக அவர் திரும்பிவந்து துடுப்பெடுத்தாடினார். ஹியூஸின் இறப்புக்குப் பிறகே பின்கழுத்தை மறைக்கும் இணைப்புகள் பரவலாயின. அவை தலைக்கவசத்தின் அந்த மாதிரிக்கென்றே செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். வேறொன்றுக்குரியதைக் கம்பியால் கட்டிப் பொருத்தக் கூடாது.

கண் மறைவதற்கு வருவோம். புருவத்துக்கு ஏறக்குறைய ஒரு விரல் மேலே, காதுகளுக்கு மேலாகத் தலையின் மிகப் பெரிய சுற்றை அளந்து, தலைக்கவசத்தின் உள்ளே ஒட்டியிருக்கும் சென்ரிமீற்றர் அளவோடு ஒப்பிடுங்கள். அணிந்த பிறகு முன்விளிம்பு புருவத்துக்குச் சற்று மேலே, தரைக்குச் சமாந்தரமாக நிற்க வேண்டும். நாடிப்பட்டியை மாட்டிவிட்டு வாயை அகலத் திறக்கச் சொன்னால், கவசம் தலையைச் சற்றுக் கீழே அழுத்துவதைப் பிள்ளை உணர வேண்டும். பின்புறத்திலிருந்து மேல்நோக்கித் தள்ளிப் பாருங்கள். அது முன்னே சரிந்து கண்ணை மூடினால் பெரியது. தலையை இடம் வலமாக ஆட்டும்போது தலை திரும்பிய பிறகு கவசம் திரும்பினாலும் அதே தீர்ப்புத்தான்.

கைக்குட்டையைத் தலையில் கட்டினால்தான் பொருந்துகிறது என்று ஒரு பிள்ளை சொன்னால், அதை வியர்வைக்காகச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓரளவு கூடுதலாக இருந்தால், தயாரிப்பாளர் தரும் உள்மெத்தையைத் தடிப்பானதாக மாற்றலாம், பின்புறத் திருகுச் சில்லு இருந்தால் அதை இறுக்கலாம். துணியைத் திணிப்பது அடி படும்போது இடம்விட்டு நகரும் ஒன்றைத் திணிப்பதாகும். தெருவில் மோட்டார் சைக்கிளின் பின்னால் அப்பாவின் ஹெல்மட்டை மாட்டிக்கொண்டு போகும் பிள்ளையின் தலை உள்ளே ஆடுவதைக் காண்கிறோம் அல்லவா, அதே நிலைதான்.

எதிர்மாறான அறிகுறி தலைவலி. அரைமணி நேரத்துக்குள் நெற்றியில் ஆழமான சிவப்புக் கோடு விழுந்து வலித்தால் கவசம் சிறியது. ஆனால் கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் நண்பகல் வெயிலில் நின்ற பிள்ளைக்குத் தலைவலி வந்தால், கவசத்தைக் குறைசொல்வதற்கு முன் தண்ணீர் கொடுத்து நிழலில் இருத்துங்கள். பந்து பட்ட பிறகு வரும் தலைவலி, மயக்கம், வாந்தி, தடுமாற்றம் இவற்றோடு இந்தப் பந்தியை ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ஆட்டத்தை நிறுத்தி உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

முகக்கம்பிக்கும் முன்விளிம்புக்கும் இடையில் பந்து நுழையுமா என்ற ஐயம்

இதைக் கேட்காத பெற்றோரே அதிகம், ஆனால் முதலில் கேட்க வேண்டியது இதுதான். பதின்மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பந்து 133 முதல் 144 கிராம் எடையும் 20.5 முதல் 22 சென்ரிமீற்றர் சுற்றளவும் உடையது. ஆண்களின் பந்து 155.9 முதல் 163 கிராம் எடையும் 22.4 முதல் 22.9 சென்ரிமீற்றர் சுற்றளவும் உடையது. அதாவது சிறுவர் பந்து குறுகிய இடைவெளியிலும் புகும். பிஎஸ் 7928:2013 என்ற பிரித்தானியத் தரத்தின்படி தலைக்கவசத்தைச் சோதிக்கும்போது எந்த அளவுப் பந்துக்குச் சோதித்தார்கள் என்பதையும் குறிப்பிடுவார்கள். பெரியவர் பந்துக்கு மாத்திரம் சோதித்த கவசத்தைச் சிறுவனுக்கு அணிவித்தால் அந்தச் சோதனை அவனுக்கு உதவாது. உள்ளே ஒட்டிய முத்திரையை வாசியுங்கள். முத்திரை உரிந்துபோயிருந்தால், அந்தப் பிரிவில் ஆடப்படும் பந்தையே எடுத்து இடைவெளியில் மெதுவாக வைத்துப் பாருங்கள். கையால் தள்ளும்போதே உள்ளே போகக்கூடிய இடைவெளி பாவனைக்கு உரியதன்று. பார்வை தெளிவாக இருக்க வேண்டுமென்று மாணவர்களே திருகைத் தளர்த்திக் கம்பியைக் கீழே இறக்கிவைப்பதுண்டு. அதனால், திருகுகளை ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் பார்ப்பது என் வழக்கம்.

கடுமையான அடி ஒன்றை வாங்கிய கவசம் வெளியே கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். உள்நுரை நசுங்கியிருந்தாலும், ஓடு வெடித்திருந்தாலும், கம்பி வளைந்திருந்தாலும் அதை ஒதுக்கிவிடுங்கள். வளைந்த கம்பியைச் சுத்தியலால் நிமிர்த்தும் வேலை வேண்டவே வேண்டாம்.

விலாவிலும் முன்கையிலும் அடிபடுகிறது

சீமெந்துத் தளத்தின்மேல் பாய் விரித்த ஆடுகளத்தில் பந்து புற்றரையைவிட உயர்ந்து எழும். அங்கே பயிலும் பிள்ளைக்கு மார்புக்காப்பும் முன்கைக்காப்பும் தேவைப்படலாம். இரண்டும் பந்துவீச்சாளரை நோக்கியிருக்கும் பக்கத்துக்கே: வலக்கை ஆட்டக்காரனுக்கு இடது மார்பும் இடது முன்கையும். துடுப்பை உயர்த்தும்போது மார்புக்காப்பு தோளோடு இடித்தால் பட்டியைத் தாழ்த்துங்கள். தாழ்த்தியும் இடித்தால் சிறியதை எடுங்கள்.

சென்ற பருவத்தில் பொருந்தியது, இப்போது விறைத்துப்போய்ப் பொருந்தவில்லை

பிள்ளை வளர்ந்துவிட்டான் என்று நினைப்பதற்கு முன் காப்பை முகர்ந்து பாருங்கள். வாவியும் கடலும் இருபுறமும் சூழ்ந்த இந்த ஊர்க்காற்றில் ஈரம் குறைவதே அரிது. கார்த்திகை தொடக்கம் தை வரையான மாரிமழையில், வியர்வையோடு பையில் போட்டு மூடிய காப்பு பூஞ்சணம் பிடித்து, வியர்வை உப்புக் காய்ந்து, தோல் விறைத்துவிடும். ஈரத்துணியால் துடைத்து, காற்றோட்டமான நிழலில் காயவையுங்கள். அவசரத்துக்குக் கொதிக்கும் வெயிலில் போட்டால் கையுறைத் தோல் வெடிக்கும், பசையும் விட்டுப்போகும். காய்ந்த பிறகும் வளையாத கையுறையைக் காப்பாற்ற முடியாது.

வெளிநாட்டிலிருந்து வந்த பொதி பொருந்தவில்லை

லண்டனிலோ மெல்பேணிலோ இருக்கும் மாமா, “மருமகனுக்கு என்ன வயசு?” என்று கேட்டு, வயதைப் பார்த்து வாங்கி அனுப்பியிருப்பார். அன்போடு வந்ததைத் திருப்பி அனுப்பவும் முடியாது, கட்டிக்கொண்டு ஆடவும் முடியாது. கடைசியில் அது அணிப்பைக்குள் போய் முன்பு சொன்ன பிரச்சினைகளைத் தொடக்கிவைக்கும். அடுத்த முறை அவர் கேட்கும்போது, வயதுக்குப் பதிலாக ஒரு தாளில் இவற்றை எழுதிப் படம் எடுத்து அனுப்புங்கள்: பாத மடிப்பிலிருந்து முழங்கால் சில்லின் நடு வரையான நீளம், மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரையான நீளம், தலையின் சுற்றளவு, வலக்கையா இடக்கையா என்பது, எந்த வயதுப் பிரிவின் பந்தில் ஆடுகிறான் என்பது. அளந்த திகதியையும் மேலே எழுதுங்கள். பொதி கப்பலில் வருவதாக இருந்தால், அது வந்து சேரும் மாதத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி மாமாவிடம் சொல்லிவிடுங்கள்.